ஒரு துளிக்குள் ஓடும் ஓடை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறிச் செல்ல இரண்டு பாதைகள் உண்டு. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட பழைய மலைப்பாதை ஒன்று. அயோத்தியாப்பட்டணம் பக்கமாக வந்து, குப்பனூரில் மலையேறத் தொடங்கும் பாதை மற்றொன்று. பெருமழையில் முதற்பாதையில் மண் சரிந்தால் வண்டிகள் குப்பனூர் வழியாகத் திருப்பி விடப்படுவதுண்டு. இந்த அடிவாரத்திலும், மேலே சேர்வராயன் மலைச் சிற்றூர்களிலும் வாழும் ஓர் உழைப்பாளியிடம், "காலையில் வெறும் வயிற்றில் வந்து இரத்தம் கொடுங்கள், உணவருந்தி இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் கொடுங்கள், மாலையில் முடிவை வாங்கிக் கொள்ளுங்கள்" என்று சொன்னால், அன்றைய கூலி போயிற்று என்று பொருள். இதனாலேயே பலர் சோதனை என்ற பேச்சையே எடுப்பதில்லை. கால் மரத்துப் போன பிறகும், கண் மங்கிய பிறகுமே மருத்துவமனையை நாடுகின்றனர்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்நிலையை ஓரளவு மாற்றியது. பெண் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தக் கருவியையும் குளுக்கோமீட்டரையும் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாக வருகின்றனர். ஆய்வுக்கூடத்துக்கு நாம் போவதற்குப் பதில், ஆய்வுக்கூடம் நம் திண்ணைக்கு வந்துவிட்டது. இது வெறும் உவமை அன்று. அந்தப் பையிலிருக்கும், விரல் நகத்தை விடச் சற்றே நீளமான 'ஸ்டிரிப்' எனும் சோதனைப் பட்டை உண்மையிலேயே ஓர் ஆய்வுக்கூடம்தான். அதற்குள் ஒரு கால்வாய் இருக்கிறது; அக்கால்வாயில் நம் குருதி தானாகவே ஓடுகிறது. அந்த ஓட்டத்தைக் கெடுக்காமல் விட்டால் பட்டை ஏறத்தாழ உண்மையைச் சொல்லும். கெடுத்துவிட்டால், மிகத் துணிவாகப் பொய் சொல்லும்.

நம் நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து நடத்திய ஆய்வு 2023இல் தெரிவித்தது. மேலும் 13.6 கோடிப் பேர் அந்நோயின் வாசற்படியில் நிற்கின்றனர். எனவே இப்பட்டையைக் காணாத குடும்பம் நம்மிடையே குறைவு. அத்தாவுக்கு ஒரு டப்பா, அம்மாவுக்கு ஒரு டப்பா என்று வாங்கி வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. ஆனால் அது எவ்வாறு வேலை செய்கிறது என்று எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

விளக்குத் திரியைப் பாருங்கள். எண்ணெயை யாரும் மேலே தள்ளுவதில்லை; திரியின் இழைகளுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளில் அது தானே ஏறுகிறது. தேநீரில் ரொட்டியின் ஒரு முனையைத் தொட்டால் ஈரம் மேலேறுவதும் இவ்வாறே. பள்ளிப் பாடத்தில் இதனை நுண்புழை ஏற்றம் என்று படித்திருப்போம். சோதனைப் பட்டையின் முனையில், இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் தகடுகளுக்கிடையே ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமனே உள்ள இடைவெளி விடப்பட்டிருக்கிறது. நீர் விரும்பி ஒட்டிக்கொள்ளும் ஒரு பூச்சு அதன் உட்புறத்தில் பூசப்பட்டுள்ளது. குருதித் துளி அதன் வாயைத் தொட்டவுடன் உள்ளே இழுக்கப்படுகிறது. உள்ளிருக்கும் காற்று வெளியேற மறுமுனையில் ஒரு சிறு வழியும் உண்டு. அவ்வழியை விரலால் அடைத்துவிட்டால் குருதி உள்ளே புகாது. மூடிய புட்டியில் தண்ணீர் ஊற்ற முயன்றதைப் போலாகிவிடும்.

இத்தனை சிறிய இடத்தில் நீர்மங்களின் குணமே மாறிவிடுகிறது. காவிரி வெள்ளத்தில் சுழலும் நுரையும் இருக்கும். நுண்கால்வாயில் சுழலுக்கு இடமில்லை. தேன் வடிவதைப் போல அமைதியாக, அடுக்கடுக்காக ஓடும். புவியீர்ப்பும் அங்கே வலுவிழந்து விடுகிறது. பட்டையைக் கிடையாகப் பிடித்தாலும், சற்று மேல்நோக்கிப் பிடித்தாலும் குருதி ஏறும். பரப்பின் இழுப்பே அங்கு ஆட்சி செய்கிறது.

இன்னொன்றும் உண்டு, அதுதான் எனக்கு மிகவும் வியப்பளித்தது. கலக்காமல் விட்ட நீரில் சர்க்கரை தானாகப் பரவ எவ்வளவு நேரம் பிடிக்கும்? தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். ஒரு சென்டிமீட்டர் தூரம் பரவ ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தூரத்துக்கோ பத்து விநாடிக்கும் குறைவே போதும். கால்வாயைச் சிறிதாக்கியதன் பயன் குருதியை மிச்சப்படுத்துவது மட்டுமன்று. கலக்கும் கரண்டியும் வேண்டியதில்லை, காத்திருப்பும் வேண்டியதில்லை. ஐந்து விநாடியில் எண் தோன்றும் இரகசியத்தில் பாதி இதுவே.

மறுபாதி வேதியியல். கால்வாயின் தரையில் உலர்ந்த நிலையில் ஒரு நொதி காத்திருக்கிறது. அது குளுக்கோஸிடமிருந்து எலெக்ட்ரான்களைப் பெற்று, இடைத்தரகர் போன்ற மற்றொரு வேதிப்பொருளிடம் கொடுக்கிறது. அத்தரகர் அவற்றை மின்முனையில் கொண்டு சேர்க்கிறார். சர்க்கரை மிகுதியானால் மின்னோட்டமும் மிகும். கருவி அம்மின்னோட்டத்தை அளந்து எண்ணாக்கிக் காட்டுகிறது. கால்வாய் நிரம்பிவிட்டதா என்று பார்க்கவும் பல பட்டைகளில் தனி மின்முனை உண்டு. நிரம்பாவிட்டால் அவை பிழைக்குறி காட்டி நிறுத்திவிடும்.

இந்நோயைப் பற்றி இப்னு சீனா தமது 'அல்கானூன்' நூலில் எழுதியது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. வீட்டிலேயே அளக்கும் கருவி வந்ததோ நம் தலைமுறையில். 1962இல் அமெரிக்காவின் லீலண்ட் கிளார்க் நொதியையும் மின்முனையையும் இணைத்துக் காட்டினார். 1960களின் நடுவில் வந்த 'டெக்ஸ்ட்ராஸ்டிக்ஸ்' பட்டைக்குப் பெரிய துளி இரத்தம் தேவைப்பட்டது. ஒரு நிமிடம் காத்திருந்து, நீரால் கழுவி, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். அந்நிறத்தைப் படிக்க 1970களின் தொடக்கத்தில் வந்த கருவி ஒரு கிலோவுக்கும் மேல் எடையுள்ளது. 1987இல் 'எக்ஸாக்டெக்' எனும் பேனா வடிவக் கருவி மின்னோட்டத்தால் அளந்தது. அதன்பின் 1990களில் குருதியைத் தானே உறிஞ்சும் கால்வாய்ப் பட்டைகள் பரவின. 2000ஆம் ஆண்டில் 0.3 மைக்ரோலிட்டர் போதும் என்ற நிலை வந்தது.

மைக்ரோலிட்டர் என்பது எவ்வளவு? ஒரு மில்லிமீட்டர் நீள, அகல, உயரமுள்ள சிறு கட்டி. மருந்துச் சொட்டான் விடும் ஒரு துளியில் இதைப் போல ஐம்பது அடங்கும். கடுகின் அளவுகூட வேண்டியதில்லை.

சேலத்து வாசகர்கள் மகிழத்தக்க ஒரு செய்தியை இங்கே சொல்லிவிடலாம். வெண்பட்டுக்குப் பெயர்பெற்ற ஊர் அல்லவா? அந்தப் பட்டிழையே நுண்கால்வாயாகப் பயன்படும் என்று பெங்களூரில் தனஞ்சய தெந்துகூரி என்ற அறிவியலாளர் நிறுவிய 'அச்சிரா லேப்ஸ்' காட்டியிருக்கிறது. வேதிப்பொருள் ஏற்றிய பட்டிழைகளைக் கைத்தறியில் ஊடும் பாவுமாக நெய்து, துணியைத் துண்டு துண்டாக நறுக்கினால், ஒவ்வொரு துண்டும் ஒரு சோதனைப் பட்டை. நீர்மம் இழைவழியே தானே ஏறும். 2011இல் இவ்வாய்வு வெளிவந்தது. 2015இல் மின்முனை இழைகளையும் சேர்த்து நெய்து, குளுக்கோஸையும் ஹீமோகுளோபினையும் அளந்து காட்டினர். கோடிக்கணக்கில் பணம் விழுங்கும் தூய அறைகள் இல்லாமலே, தறி தெரிந்த கைகளால் மருத்துவ உணர்கருவி செய்ய இயலும் என்பதுதான் இதன் சிறப்பு.

கருவி இவ்வளவு நுட்பமானது என்பதாலேயே நம் கைப்பிழையும் அதில் பெரிதாகத் தெரிகிறது. குடத்து நீரில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தால் தெரியாது. கடுகிலும் சிறிய குருதியில் விழுந்தால்?

ரமளான் மாதத்தின் பிற்பகலை எண்ணிப் பாருங்கள். இஃப்தாருக்காக ஒரு சகோதரி ஏற்காட்டு ஆரஞ்சை உரித்து வைக்கிறார். பேரீச்சம்பழத்தின் கொட்டை நீக்குகிறார். சற்றே தலை சுற்றுகிறது. சந்தேகம் வந்து, கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு சோதித்துப் பார்க்கிறார். கருவி 180 என்கிறது. "சர்க்கரை நிறையத்தான் இருக்கிறது, நோன்பைத் தொடரலாம்" என்று தேறுகிறார். உண்மையில் அவருடைய குருதியில் இருப்பது 65 ஆக இருக்கலாம்! ஆரஞ்சுச் சாற்றில் உள்ள குளுக்கோஸ், குருதியில் உள்ளதைப் போலப் பத்து மடங்குக்கும் அதிகம். கண்ணுக்குத் தெரியாத பிசுபிசுப்பு போதும், எண்ணைப் புரட்டிவிட. ஜப்பானிய மருத்துவர்கள் இதனை 2011இல் சோதித்தே காட்டினர். பழம் உரித்த விரலை ஆல்கஹால் பஞ்சால் திரும்பத் திரும்பத் துடைத்தும் பொய்யான உயர் அளவே வந்தது. குழாய் நீரில் கழுவிய பிறகே சரியான அளவு கிடைத்தது.

ஆகவே கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். கழுவியபின் நன்றாக உலர்த்தவும் வேண்டும். ஒளூ செய்துவிட்டு ஈரக் கையோடு சோதித்தால் பிழை எதிர்ப்புறமாக நேரலாம். விரலில் நிற்கும் நீர் குருதியோடு கலந்து அதனை நீர்த்துவிடும். ஆல்கஹால் தடவினாலும் அது காயும்வரை காத்திருக்க வேண்டும்.

அடுத்தது, பிதுக்குவது. துளி வரவில்லை என்று விரல் நுனியை அழுத்திப் பிழிந்தால், திசுக்களுக்கிடையே உள்ள நீரும் கலந்து வரும். கையைக் கீழே தொங்கவிட்டு, வெதுவெதுப்பாக்கி, உள்ளங்கையிலிருந்து நுனி நோக்கி மெல்ல நீவிவிட்டால் போதும். குத்துவதை விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. துளி வந்ததும் அதன்மேல் பட்டையை அழுத்திப் பூசாதீர்கள். பட்டையின் வாயைத் துளியின் ஓரத்தில் தொட்டுக் காட்டினாலே போதும்; அதுவே இழுத்துக்கொள்ளும். முதலில் குறைவாகப் போயிற்று என்று பிறகு இரண்டாவது துளி சேர்ப்பதைப் பல கருவிகள் ஏற்பதில்லை. அப்பட்டையைக் கழித்துவிட்டுப் புதியது எடுப்பதே நல்லது. ஒரு பட்டையின் விலை நமக்கு உறுத்தத்தான் செய்யும். ஆனால் பொய்யான எண்ணை நம்பி இன்சுலின் போட்டுக்கொள்வதைவிட அது மலிவு.

மலைவாசிகளுக்குத் தனியாகச் சில சொற்கள். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. மிக உயர்ந்த இடங்களில் காற்றில் உயிர்வளி குறைவதால் சிலவகைப் பட்டைகள் தவறிழைக்கக் கூடும். ஆயினும் பல கருவிகள் சுமார் 3,000 மீட்டர் வரை பயன்படுத்தத் தக்கவை என்று குறிப்பிட்டே விற்கப்படுகின்றன. ஆகவே நம் மலையில் உயரத்தைப் பற்றிய அச்சம் வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது மூடுபனியின் ஈரத்தை. பட்டையிலுள்ள நொதி உலர்ந்திருக்கும் வரைதான் நலமாயிருக்கும். டப்பாவின் மூடியிலோ சுவரிலோ ஈரம் உறிஞ்சும் பொருள் வைக்கப்பட்டிருப்பது அதற்காகவே. ஒன்றை எடுத்த உடனே மூடிவிட வேண்டும். பட்டைகளை வேறு டப்பாவுக்கு மாற்றுவதும், காகிதத்தில் மடித்துக் கொடுத்தனுப்புவதும் கூடாது. டப்பாவைத் திறந்த தேதியை அதன்மேலேயே எழுதி வையுங்கள். திறந்தபின் எத்தனை மாதம் செல்லும் என்பது அதிலேயே அச்சாகியிருக்கும்.

கோடையில் சேலத்து வெயில் 40 பாகையைத் தொடும். நிறுத்தி வைத்த வண்டியின் பெட்டியில் கருவியை விட்டுச் செல்வது அதனைக் கெடுக்கும். உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் செல்வோர் மினாவின் வெப்பத்தில் இதனை மறந்துவிடக் கூடாது. குப்பனூரில் வெயிலில் புறப்பட்டு ஏற்காட்டின் குளிரில் இறங்கினால், கருவி அவ்விடத்து வெப்பநிலைக்கு வரும்வரை அரைமணி நேரம் பொறுத்திருந்து அளப்பது முறை.

இவ்வளவு கவனமாக அளந்தாலும் கருவி ஆய்வுக்கூடத்துக்கு நிகராகாது. 2013ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தர விதி, 100க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்கு 15 வரையிலும், 100க்குக் குறைந்தால் 15 மி.கி. வரையிலும் வேறுபாட்டை அனுமதிக்கிறது. அதுவும் நூறு அளவுகளில் 95 அவ்வெல்லைக்குள் இருந்தால் போதும். கருவி 200 என்றால் உண்மை 170 முதல் 230க்குள் எங்கேனும் இருக்கலாம். இரத்தசோகை உள்ளவருக்குப் பல பட்டைகள் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். குருதியில் சிவப்பணுக்கள் குறைந்திருக்கும்போது அதே கால்வாயில் சர்க்கரை கலந்த நீர்ப்பகுதி அதிகமாக இருப்பதே காரணம். நம் பெண்களிடையே இரத்தசோகை மிகுதி. கருவியின் எண்ணும் மூன்று மாத சராசரியைக் காட்டும் ஆய்வுக்கூடச் சோதனையும் ஒத்துப்போகாவிட்டால், மருத்துவரிடம் இதனையும் கேளுங்கள். இரத்தசோகை அந்தச் சராசரிச் சோதனையையும் பாதிக்கக்கூடும்.

இனி நோன்பைப் பற்றி. 2001இல் பதின்மூன்று நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவாளர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், இரண்டாம் வகை நோயாளிகளில் ஏறக்குறைய ஐவரில் நால்வர் பதினைந்து நாள்களுக்குக் குறையாமல் நோன்பு நோற்றிருந்தனர். மருத்துவமனையில் சேரும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோன நிகழ்ச்சிகள் அம்மாதத்தில் அவர்களிடையே ஏழரை மடங்காகியிருந்தன. முதல் வகையினரிடையே 4.7 மடங்கு. மார்க்கம் நோயாளிக்கு அளித்த சலுகை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களில் தெளிவாக உள்ளது. ஆயினும் நம் பெரியோர்களில் பலர் அதனைப் பயன்படுத்த மனம் ஒப்புவதில்லை. நோற்பதென்றே முடிவு செய்தவரைத் திட்டுவதால் பயனில்லை. அளக்கச் செய்வதே வழி.

"விரலைக் குத்தி இரத்தம் எடுத்தால் நோன்பு முறிந்துவிடாதா?" என்ற ஐயம் பல வீடுகளில் உள்ளது. இந்த ஐயத்தாலேயே பகலில் சோதிக்காமல் இருந்துவிடுகின்றனர். ஹிஜாமா எனும் இரத்தம் குத்தி எடுக்கும் முறை நோன்பை முறிக்குமா என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் சோதனைக்காக விரல் நுனியில் எடுக்கும் ஒரு சொட்டு நோன்பை முறிக்காது என்பதே மார்க்க அறிஞர்களின் பரவலான தீர்ப்பு. மனம் அமைதி பெறத் தத்தம் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளியலாம்.

எப்போது அளப்பது? ஸஹருக்கு முன், காலையில், நண்பகலில், பிற்பகலில், இஃப்தாருக்குச் சற்று முன், இஃப்தார் முடிந்து இரண்டு மணி நேரத்தில் என்று பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் ரமளான் வழிகாட்டி வகுத்துள்ளது. எல்லாருக்கும் இத்தனை முறை வேண்டியதில்லை. இன்சுலின் போடுவோருக்கும், சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய சில மாத்திரைகளை உண்போருக்கும் கட்டாயம் எனலாம். உடல் நடுங்கினாலோ, வியர்த்தாலோ, பேச்சுத் தடுமாறினாலோ எந்நேரமும் அளக்க வேண்டும். 70க்குக் கீழே இறங்கினால் மக்ரிபுக்குப் பத்தே நிமிடம் இருந்தாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும். மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கலந்து பருகி, 15 நிமிடம் கழித்து மறுபடியும் அளக்க வேண்டும். 300க்கு மேல் ஏறினாலும் நோன்பைத் தொடரக் கூடாது. 70க்கும் 90க்கும் இடையில் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மீண்டும் பார்க்க வேண்டும். எண் நன்றாக இருந்து உடல் கெட்டதாகச் சொன்னால், உடலை நம்புங்கள்; கையைக் கழுவிவிட்டு இன்னொரு பட்டையில் பாருங்கள்.

மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்ற மருத்துவரைக் காண்பதை ரமளான் பிறை கண்டபின் ஒத்திப்போடக் கூடாது. ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே, அதாவது ரஜப் மாதத்திலேயே செல்ல வேண்டும். கருவியையும் கையோடு கொண்டு செல்லுங்கள். அதன் நினைவில் பழைய எண்கள் தேதியோடு இருக்கும்.

நுண்கால்வாயின் கதை சர்க்கரையோடு நின்றுவிடவில்லை. கருவுற்றதைக் காட்டும் கோடும், கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சிவிட்டுப் பார்த்த கோடும் இதே உறிஞ்சலால் தோன்றியவையே. கோவாவைச் சேர்ந்த மோல்பயோ நிறுவனத்தின் 'ட்ரூநாட்' கருவி, சிறு சில்லின் குழிவில் சில மைக்ரோலிட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு, காசநோய்க் கிருமியின் மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டறிகிறது. மின்கலத்தில் ஓடுவதால் மின்வெட்டு உள்ள ஊருக்கும் ஏற்றது. 2020இல் உலகச் சுகாதார நிறுவனம் இதனை ஏற்றுப் பரிந்துரைத்தது. மலையூர்களுக்கு இத்தகைய கருவிகளே பொருந்தும்.

கடைசியாகக் குத்தூசியைப் பற்றி ஒரு சொல். பட்டையை மாற்றுகிறோம், ஊசியை மாற்றுவதில்லை. வீட்டில் நால்வருக்குச் சோதித்தால் நால்வருக்கும் ஒரே ஊசி என்பது நம்மிடையே சாதாரணம். "எல்லாம் நம் இரத்தம்தானே" என்று சிரித்துக்கொண்டே சொல்வோரும் உண்டு. ஹெபடைடிஸ் பி எனும் கல்லீரல் நோய், கண்ணுக்குத் தெரியாத அளவு குருதியாலேயே பரவக்கூடியது. கருவிக்குப் போதுமான அந்த ஒரு மைக்ரோலிட்டர் அக்கிருமிக்கும் தாராளமாகப் போதும். ஆளுக்கொரு குத்தும் பேனா, தடவைக்கொரு ஊசி என்பதே முறை. முகாமிலோ வீட்டிலோ சோதிக்க வருபவர் ஊசியைப் புதிதாகப் பிரிக்கிறாரா என்று பார்க்க நமக்கு உரிமை உண்டு. கேட்பதில் கூச்சம் வேண்டாம். கழித்த ஊசிகளைக் குப்பைக் கூடையில் போடாமல், மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, நிரம்பியதும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் எங்கே ஒப்படைப்பது என்று கேட்டுக் கொடுத்துவிடுங்கள். குப்பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரலும் விரல்தான்.